முழங்காலை ஊதுகிறவள்

மூன்று வயதுப் பையன் தன்னைப் பெற்றவளை "டீச்சர்" என்று கூப்பிட்டால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? காய்கறிக் கடை வாசலில், "டீச்சர், கால் வலிக்குது, தூக்கு" என்று அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தராசைப் பிடித்திருந்த கடைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமையும் பள்ளிக்கூடம் வச்சு பச்சப்புள்ளைய இழுத்துக்கிட்டு அலையணுமா, டீச்சரம்மா?"

"இது என் புள்ளங்க."

"உங்க புள்ள ஏன் உங்கள டீச்சர்ங்குது?"

"அவங்க அக்கா அப்படிக் கூப்பிடுறா. அதக் கேட்டு இவனும் கூப்பிடுறான்."

"அக்கா ஏன் அப்படிக் கூப்பிடுறா?"

"நான் அவளுக்கு டீச்சர்."

"அப்ப அவ உங்க புள்ள இல்லையா?"

"அவளும் என் புள்ளதான்."

கடைக்காரம்மா அவளையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "தக்காளி அரைக்கிலோன்னுதான கேட்டீங்க?" என்று தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

விஷயம் அவ்வளவு ஒன்றும் சிக்கல் இல்லை. டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித்தருபவள். ஒன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். மூன்று வயதில் தாயைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அவளுடைய அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். பெற்றோர் கூட்டத்துக்குக் கையில் ஸ்பேனரோடு வந்தார், மறந்துபோய். அந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தவித்த தவிப்பைப் பார்த்துத்தான் டீச்சருக்கு அவர்மேல் மனசு போனது. அவள் வீட்டில் குதித்தார்கள். எங்கள் வம்சத்திலேயே முதல் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள், ரெண்டாந்தாரமாகப் போகிறாயா என்றார்கள். படம் வரைகிறதுக்கெல்லாம் ஒரு பட்டமா என்று அதே வாய்கள்தான் நான்கு வருஷம் சிரித்திருந்தன. திடீரென்று அந்தப் பட்டத்துக்கு வந்த மரியாதையைப் பார்த்து அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. போய்விட்டாள்.

கல்யாணம் ஆன முதல் வாரம் ஆளாளுக்கு வந்து அந்தக் குழந்தையிடம், "சித்தின்னு கூப்பிடு கண்ணு" என்றார்கள். டீச்சர்தான் வெடுக்கென்று மறித்தாள். அந்தச் சொல்லைக் கேட்டாலே கூடவே 'கொடுமை' என்று ஒரு சொல் வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கும். "உன் வாய்க்கு என்ன வருதோ அதக் கூப்பிடு" என்றாள். குழந்தையின் வாய்க்கு டீச்சர்தான் வந்தது. அப்புறம் தம்பி பிறந்து, பேச்சு வந்து, அக்கா சொன்னதையே அவனும் சொன்னான். வீட்டில் ஒருவர்கூட அவளை அம்மா என்பதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. பேரில் என்ன இருக்கிறது.

வருத்தம் வேறு ஒன்றில் இருந்தது. பெரியவளுக்கு இப்போது பத்து வயது. அப்பாவை "நீ, வா, போ" என்பாள். அத்தையோடு மல்லுக்கு நிற்பாள். தம்பியைக் குண்டா என்று கூப்பிட்டு மண்டையில் குட்டுவாள். டீச்சரிடம் மட்டும், "சாப்பிட்டீங்களா டீச்சர்", "வாங்க டீச்சர்." ஒருமுறை அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, அவள் இரண்டு வருஷமாகப் பென்சில் சீவிய சுருள்களைச் சேர்த்து வைத்திருந்த டப்பாவை டீச்சர் குப்பையில் கொட்டிவிட்டாள். பெரியவள் காலி டப்பாவைப் பார்த்தாள். உதடு ஒரு துடிப்புத் துடித்தது. "பரவாயில்லங்க டீச்சர், வேற சேத்துக்கலாம்" என்றாள்.

அன்றைக்கு டீச்சர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவள் தன் தாயோடு நாளுக்கு நாலு சண்டை போட்டு வளர்ந்தவள். படிக்கச் சண்டை, படித்ததற்குச் சண்டை, தலை வாருவதற்குச் சண்டை. கத்துவதற்கு ஒரு உரிமை வேண்டும். இந்தப் பெண் விருந்துக்கு வந்த வீட்டில் நடந்துகொள்வதுபோல நாலு வருஷமாக நடந்துகொள்கிறாள். என் பெண் என்மேல் ஒரே ஒரு தடவை பாய்ந்து விழுந்தால் போதும் என்று ஏங்குகிற தாய் இந்த உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது.

பின்வாசல் படியில் சின்னவன் தடுக்கி விழுந்தான். டீச்சர் துணி அலசிய கையோடு ஓடி வந்தாள். அதற்குள் பெரியவள் போய்விட்டிருந்தாள். தம்பியைப் படியில் உட்காரவைத்து, கீழே மண்டியிட்டு, அவன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதினாள். அவன் கையில் பாதி பன். அழுவதா தின்பதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, தின்பது என்று முடிவு செய்திருந்தான். வேறு யாருடைய முழங்காலையோ பார்க்கிறவன்போலத் தன் காயத்தையே பார்த்துக்கொண்டு மென்றான். பெரியவளின் முகம் தெரியவில்லை. கதவருகிலிருந்து பார்த்தால் முதுகு, ஒரு பக்கம் இறங்கிய ரெட்டைப்பின்னல், நைந்த வீட்டுச்சட்டையில் ஒற்றையாகத் தொங்கிய கொக்கி, பிறகு அந்தக் கன்னத்தின் ஓரம். ஊதும்போது அந்த ஓரம் மட்டும் பூரித்து வெளியே வந்து, பிறகு அடங்கியது.

டீச்சர் மூச்சுகூட விடவில்லை. கையில் கிடைத்த கேள்வித்தாளின் பின்பக்கத்தில் அரை நிமிஷத்தில் கோடுகளாக அதைப் பிடித்துவிட்டாள். ஈரக்கை பட்டு அதில் பாதி கரைந்தது. பரவாயில்லை, மீதி தலையில் இருந்தது.

வாரத்துக்கு இருநூறு பிள்ளைகளுக்குப் படம் சொல்லித்தருகிறவள் அவள். 'என் குடும்பம்' என்று தலைப்புக் கொடுத்தால் இருநூறு பேரும் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் காட்ட நிறுத்தியதுபோல வரிசையாக நேரே பார்த்து நிற்க வைப்பார்கள். எல்லார் வாயிலும் பிறைநிலாச் சிரிப்பு. வீட்டில் யார் அப்படி நிற்கிறார்கள் என்று அவள் கத்திப் பார்த்திருக்கிறாள். இப்போது தன் வீட்டை வரைய ஒரு வாய்ப்புத் தானாக வந்து மடியில் விழுந்திருந்தது.

மெக்கானிக் ஒரு பழைய அலமாரியின் முதுகுப்பலகையை அறுத்துக் கொடுத்தார். அதில் வெள்ளை பூசிக் காயவைத்து, ஆயில் பெயின்டில் நாலு ஞாயிற்றுக்கிழமை அவள் வரைந்தாள். முடியும்வரை யாருக்கும் காட்டமாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பாள். பையனின் முகம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. முதுகுக்குத்தான் நாலு வாரமும் போனது. அந்த ஊதுகிற கன்னத்தின் ஓரம் இருக்கிறதே, அதை ஏழு தடவை சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஒரு மயிரிழை கூடினால் பல்வலிக்காரி மாதிரி ஆகிவிடுகிறது. குறைந்தால் ஊதுவது நின்றுவிடுகிறது. வரைகிற நேரமெல்லாம் அவளுக்கு ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. காயத்தை ஊத இந்தப் பெண்ணுக்குத் தான் சொல்லித்தரவில்லை. தாயில்லாத மூன்று வருஷம் அவளைத் தூக்கி வளர்த்த அத்தை ஊதியிருப்பாள். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்.

முடித்து மூன்று வாரம் காயவிட்டுக் கூடத்தில் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை, அந்த மகராசியே வந்து சேர்ந்தாள்.

அத்தை, மெக்கானிக்கின் கூடப்பிறந்த அக்கா, தையற்கடை வைத்திருப்பவள். நாக்கும் கத்தரிக்கோலும் ஒரே சாணையில் தீட்டியவை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"நம்ம குண்டன் அப்படியே இருக்கான். பன்னு வாசம்கூட வருது. இது யாரு, பெரியவளா?"

"ஆமா அண்ணி."

"மூஞ்சியக் காணோம்?"

"அவ அவன் கால ஊதிக்கிட்டிருக்கா. மூஞ்சி அந்தப் பக்கம்தான இருக்கும்."

"நான் தைக்கிற சட்டைக்கே முன்பக்கம்னு ஒண்ணு இருக்கும்மா." அத்தை குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு தாழ்த்தினாள். அது பக்கத்து வீடுவரை கேட்டது. "பெத்ததுக்கு மூஞ்சி, மூத்ததுக்கு முதுகா? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"எந்தப் பாக்குறவங்க? அவங்கள இங்க வந்து சொல்லச் சொல்லுங்க அண்ணி, நான் பேசிக்கிறேன்."

"படிச்சவங்க, எதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பீங்க."

"படிக்காமயும் வச்சிருந்திருப்பேன். உங்க வாயத் தச்சு வைக்கத்தான் ஒரு நூலு கிடைக்க மாட்டேங்குது."

அத்தை சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் இப்படித்தான், அடித்துக்கொண்டு பிறகு ஒரே தட்டில் தின்பார்கள். ஆனால் டீச்சர் திரும்பியபோது பெரியவள் கதவுநிலையில் நின்றிருந்தாள். படத்தைப் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தன் முதுகைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் டீச்சர்.

"நல்லா இருக்குங்க டீச்சர்."

"முதுகு தெரியுதேன்னு..."

"பரவாயில்லங்க டீச்சர்."

திங்கட்கிழமை காலை சீப்பை எடுத்துக்கொண்டு டீச்சர் போனபோது, பெரியவள் தானே தலை வாரி முடித்திருந்தாள். வகிடு ஆறு ஓடின மாதிரி கோணிக் கிடந்தது. "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றாள். செவ்வாயும் அப்படியே. நாலு வருஷமாகக் காலையில் அந்த ஐந்து நிமிஷம்தான் அந்தப் பெண் அவள் கைக்குள் இருக்கும். அதுவும் போயிற்று.

ஆத்திரத்தில் அவளுக்குப் புத்தி மட்டுப்பட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து அரைநாள் விடுப்பு எடுத்து வந்து, படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். வர்ணத்தைப் பிதுக்கினாள். அந்த ஊதுகிற கன்னத்தின்மேல், ஏழு தடவை சுரண்டி வைத்த அந்த ஓரத்தின்மேல், ஒரு முகத்தை வரைந்தாள். கழுத்தைத் திருப்பி, கண்ணை நேரே வைத்து, வாயில் ஒரு சிரிப்பு வைத்தாள். பிறைநிலாச் சிரிப்பு. கை நன்றாகப் பழகிய கை, ஒரு மணி நேரத்தில் முகம் வந்துவிட்டது. அழகாகவே வந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கே அது பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

நாலு மணிக்குப் பெரியவள் பையை முதுகில் மாட்டியபடி உள்ளே வந்தாள். தம்பி பின்னாலேயே ஓடிவந்தான்.

"இங்க பாரு" என்றாள் டீச்சர். "இப்ப உன் முகம் தெரியுது."

பெரியவள் பார்த்தாள். பையைக் கழற்றவில்லை. அவள் காது மடல் சிவந்துகொண்டே வந்தது.

"இது யாரு?"

"நீதான்."

"நான் இல்ல. அவனுக்கு ரத்தம் வந்துக்கிட்டிருக்கு. நான் யாரப் பாத்து இளிக்கிறேன்? நான் என்ன பைத்தியமா?"

"இல்ல கண்ணு, அத்தை சொன்னாங்கன்னு..."

"அத்தை நூறு சொல்லும். அத்தை சொன்னா நீ அழிச்சிடுவியா? உனக்கு அறிவில்லையா? நான் அவன் காலத்தான் பாத்தேன். அவன் கீழ விழுந்தா நான் உன்னப் பாத்தா சிரிச்சிக்கிட்டிருப்பேன்? எல்லாத்தையும் நீயா எடுத்து நீயா கொட்டு. என் பென்சில் சுருளக்கூட நீதான் கொட்டுன. ரெண்டு வருஷமா சேத்தது. ஒரு வார்த்தை கேட்டியா?"

பையைத் தரையில் எறிந்தாள். டிஃபன் டப்பா உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. சின்னவன் வாயில் விரலை வைத்தபடி அக்காவையும் அம்மாவையும் பார்த்தான். "டீச்சர், அக்கா கத்துறா" என்று புகார் சொன்னான்.

"கத்தட்டும்" என்றாள் டீச்சர்.

அவளுக்கு உள்ளே என்னவோ ஒன்று மடை திறந்த மாதிரி ஓடிற்று. பெண் 'நீ' என்றுவிட்டாள். அறிவில்லையா என்று கேட்டுவிட்டாள். பென்சில் சுருள் கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்து இன்றைக்குக் கொட்டிவிட்டாள், அதுவும் தன் வீட்டில் கொட்டுகிற மாதிரி, பொருளை எறிந்து. நன்றி சொல்லப்போனால் பெண் சுதாரித்துக்கொண்டு மறுபடியும் 'ங்க' போட்டுவிடுவாளோ என்று பயந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

"சரி, என் தப்புதான். அதுக்குப் பைய ஏன் எறியுற?"

"எறிவேன்."

"எறி. டிஃபன் டப்பா நசுங்கினா நாளைக்கு அதுலதான் சோறு."

"சோறு கிடக்கட்டும். இத எடு முதல்ல. எடுக்க முடியுமா முடியாதா?"

முடியும். மேலே பூசியது ஈரம், கீழே இருந்தது காய்ந்தது. டர்பன்டைன் போட்டால் அடியில் இருப்பதும் கரையும் என்பதால், பழைய பருத்தித்துணியில் எண்ணெய் தொட்டு மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். டீச்சர் துணியைக் கிழித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். சின்னவனும் கை நீட்டினான். அவனுக்குக் காய்ந்த துணி ஒன்று கொடுத்து, சுவரைத் துடைக்கச் சொன்னார்கள்.

முதலில் சிரிப்பு போனது. பிறகு ஒரு கண். "நீ அழுத்துற, விடு, நான் பாத்துக்கிறேன்" என்று பெரியவள் அவள் கையைத் தட்டிவிட்டாள். டீச்சர் தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். கண், மூக்கு, நேரே பார்த்த அந்த அழகான பொய் எல்லாம் துணியில் சேறாக வந்தது. அடியிலிருந்து கன்னத்தின் ஓரம், ஊதுகிற ஓரம், முழுசாக வெளியே வந்தது. ஒரு சேதமும் இல்லை. டீச்சர் எண்ணெய்க் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். புடவை பாழாயிற்று.

பெரியவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒண்ணு போகவே மாட்டேங்குது. கறுப்பா, புள்ளி மாதிரி."

டீச்சர் குனிந்து பார்த்தாள். பின்கழுத்தில், முடி தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே.

"அதத் தேய்க்காத. அது பெயின்ட் இல்ல... பெயின்ட்தான். ஆனா மச்சம்."

"யாருக்கு மச்சம்?"

"உனக்குத்தான்."

"எனக்குக் கழுத்துல மச்சம் கிடையாது."

"இருக்கு. ஒண்ணு பெருசு. அதுக்குப் பக்கத்துல தூசி மாதிரி இன்னொண்ணு."

பெரியவள் நம்பவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினாள். தடவினால் தெரிகிற மச்சம் இல்லை அது. தம்பியைக் கூப்பிட்டு, "குண்டா, இங்க என்ன இருக்கு பாரு" என்று குனிந்து பின்னலை ஒதுக்கினாள். அவன் ஒற்றை விரலால் அழுத்தி, "எறும்பு" என்றான். பிறகு நசுக்கப் பார்த்தான். எறும்பு போகவில்லை என்றதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து அவனை ஊதிச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

"எனக்கே தெரியாது" என்றாள் பெரியவள் மெதுவாக. "உனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் தல வாருறது யாரு?"

பெரியவள் படத்தைப் பார்த்தாள். இந்த முறை வெகுநேரம். தொங்குகிற கொக்கியைப் பார்த்தாள், ஒரு பக்கம் இறங்கிய பின்னலைப் பார்த்தாள், சட்டையின் தையல் விட்ட இடத்தைப் பார்த்தாள், மச்சத்தைப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் நாத்தனாரின் நாக்குக்குக்கூட ஒரு கும்பிடு போடலாம் என்று டீச்சருக்குத் தோன்றியது. அந்த நாக்கு மட்டும் சும்மா இருந்திருந்தால் இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருஷத்துக்குப் 'பரவாயில்லங்க' ஓடியிருக்குமோ.

ஐந்தரை மணிக்கு மெக்கானிக் வந்தார். தரையில் பள்ளிக்கூடப் பை, மூலையில் கவிழ்ந்த டிஃபன் டப்பா, சேறான துணிகள், சுவரில் மூன்றடி உயரம்வரை, எப்போதோ எண்ணெயில் கைவிட்டிருந்த சின்னவனின் கைத்தடம். நடுவில் மனைவியும் மகளும் முழங்கைவரை வர்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னாச்சு?" என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"சண்ட போட்டோம்" என்றாள் டீச்சர்.

அவருக்கு முகம் வெளுத்தது. "யாரு யாரு?"

"நானும் இவளும்." பத்தாவதில் முதல் ரேங்க் வாங்கியதை வீட்டில் வந்து சொன்ன குரல் அது. "அறிவில்லையான்னு கேட்டா என்னை."

"என்னது? ஏண்டி, டீச்சர அப்படியா..."

"நீ சும்மா இருப்பா" என்றாள் பெரியவள். "அது எங்களுக்குள்ள. என் கழுத்துல மச்சம் இருக்கே, உனக்குத் தெரியுமா?"

"மச்சமா? எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுலேருந்து இருக்கு. பத்து வருஷமா பாக்கல நீ."

மெக்கானிக் பையைக் கீழே வைத்துவிட்டு, மகளின் பின்னால் போய்க் குனிந்தார். சரியாகத் தெரியவில்லை என்று சட்டைப்பையிலிருந்து வேலைக்கு வைத்திருக்கும் சின்ன டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார். டீச்சர் அந்தக் குனிந்த முதுகையும், பொறுமையில்லாமல் நெளிகிற முதுகையும், அதற்குக் கீழே டார்ச் வெளிச்சத்தைப் பிடிக்கத் தாவுகிற சின்னவனையும் பார்த்தாள். எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, காகிதம் ஏதாவது கிடக்கிறதா என்று தேடினாள்.